அச்சிட்ட கட்டணமும் கட்டவேண்டிய கட்டணமும்

(மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான உயர்கல்வி வழிகாட்டுதல் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘நான் முதல்வன்’ திட்டம் 2022இல் தொடங்கிய பிறகு, பிளஸ் 2 மாணவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகள் மாறியிருக்கின்றன. பொறியியலா, மருத்துவமா என்பதோடு நிற்பதில்லை. “அமெரிக்காவில் சின்னக் கல்லூரிகள் முழு உதவித்தொகை தருதாமே டீச்சர், நான் விண்ணப்பிக்கலாமா?” என்று ஒரு மாணவி கேட்டால் நாம் என்ன சொல்வது? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில், இவை எப்படிப்பட்ட கல்லூரிகள்? லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்றால் ஓவியமும் இசையும் மட்டும் கற்பிக்கும் இடம் அல்ல. இயற்பியல், கணிதம், பொருளியல், வரலாறு எல்லாம் அங்கே உண்டு. படிப்பு நான்கு ஆண்டு. முதல் இரண்டு ஆண்டு பல பாடங்களைப் படித்துப் பார்த்துவிட்டு, பிறகு முதன்மைப் பாடத்தைத் தேர்வு செய்யலாம். பல கல்லூரிகளில் மொத்தமே ஏறக்குறைய 2,000 மாணவர்கள்தான். வகுப்புகள் சிறியவை; பேராசிரியரே பாடம் நடத்துவார். வில்லியம்ஸ் கல்லூரியில் இரண்டு மாணவருக்கு ஒரு பேராசிரியர் என்று அமர்ந்து விவாதிக்கும் பாடங்கள்கூட உண்டு.

இனி கட்டணம். பெயர்பெற்ற கல்லூரிகளின் இணையதளத்தில் கல்விக் கட்டணம், விடுதி, உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் போட்டிருப்பார்கள். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 68 லட்சம். நான்கு ஆண்டுக்கு 2 கோடியே 72 லட்சம். இதைப் பார்த்ததும் பெற்றோர் பக்கத்தை மூடிவிடுவார்கள். நாமும் “நமக்கெதற்கம்மா இது” என்று சொல்லிவிடுவோம்.

ஆனால் அது அச்சிட்ட கட்டணம். குடும்பம் கட்டவேண்டிய கட்டணம் வேறு. அமெரிக்க அரசின் கல்வி உதவி நம் மாணவர்களுக்குக் கிடையாது; கல்லூரி தன் நிதியிலிருந்து தருவது மட்டுமே கிடைக்கும். அதில் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடு உண்டு. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி, வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பாராமலே சேர்க்கையை முடிவு செய்கிறது. சேர்ந்தவருக்குத் தேவை முழுவதையும் கடனாக அல்லாமல் உதவித்தொகையாகத் தருகிறது. இப்படிப்பட்ட கல்லூரிகள் மிகச் சில; அவற்றில் இடம் கிடைப்பதும் மிகக் கடினம். கென்டக்கியில் உள்ள பெரியா கல்லூரி 1892 முதல் யாரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பதிலுக்கு மாணவர் ஒவ்வொருவரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரியில் வேலை செய்ய வேண்டும். மற்ற பெரும்பாலான கல்லூரிகள், வெளிநாட்டு மாணவர் எவ்வளவு உதவி கேட்கிறார் என்பதையும் பார்த்தே இடம் தருகின்றன. அதற்காக உதவி வேண்டாம் என்று எழுதிச் சேர்ந்துவிட்டு, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. பல கல்லூரிகளில் முதலில் கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பின்னர் உதவி கிடைப்பதில்லை.

இடம் கிடைத்த கடிதத்தை எப்படிப் படிப்பது? கற்பனைக் கணக்கு ஒன்று போடுவோம். மொத்தச் செலவு 80,000 டாலர். உதவித்தொகை 62,000. வளாக வேலையில் மாணவி ஈட்டுவது 3,000. குடும்பப் பங்கு 5,000. மீதி 10,000 டாலர் கடன். “62,000 டாலர் உதவித்தொகை” என்றதும் ஊரே கொண்டாடும். ஆனால் கடன் மட்டும் ஆண்டுக்கு எட்டரை லட்சம். நான்கு ஆண்டில் 34 லட்சம், வட்டி தனி. குடும்பப் பங்கு ஆண்டுக்கு நாலேகால் லட்சம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் தந்தையின் ஆண்டு வருமானமே 1 லட்சத்து 80 ஆயிரம்தான். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். அதாவது வீட்டுப் பத்திரம், அல்லது காணி நிலம்.

கடிதத்தில் வராத செலவுகளும் உண்டு. விமானப் பயணம், குளிர்கால உடை, விசாக் கட்டணம், சீவிஸ் கட்டணம் 350 டாலர். மருத்துவக் காப்பீடு மொத்தத் தொகையில் அடங்கியுள்ளதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விசா பெற முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். பகுதி நேர வேலையில் சமாளிக்கலாம் என்பதும் நடக்காது. படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய விசா விதி இடம் தராது.

ஆகவே என் பரிந்துரை இதுதான். விண்ணப்பிக்கும் முன்பே பெற்றோரை அழைத்து, “ஆண்டுக்கு உங்களால் எவ்வளவு முடியும்? கடன் என்றால் எவ்வளவு வரை?” என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கடிதம் வந்த மகிழ்ச்சியில் எந்தத் தந்தையும் ‘முடியாது’ என்று சொல்லமாட்டார். மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிலத்தை அடகு வைப்பார். முன்பே எழுதிய தாள் இருந்தால், அந்தத் தொகையைத் தாண்டும் கல்லூரியை மரியாதையாக மறுத்துவிடலாம். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையுடன் நவம்பரில் ஒரு சேர்க்கை முறை உண்டு. அதில் போனால் வேறு கல்லூரிகளின் உதவித்தொகையோடு ஒப்பிட முடியாது. எச்சரிக்கை தேவை.

காலத்தையும் கவனியுங்கள். வழக்கமான விண்ணப்பங்கள் ஜனவரி தொடக்கத்தில் முடியும். முடிவு மார்ச் இறுதிக்குள் வரும். மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். நம் பிளஸ் 2 தேர்வு முடிவுக்காகக் காத்திருக்க நேரமில்லை. 9ஆம் வகுப்பு முதலான மதிப்பெண்களையே பார்ப்பார்கள். எனவே பிளஸ் 1 முடிந்த விடுமுறையிலேயே தொடங்க வேண்டும்.

இதில் நமக்கும் வேலை உண்டு. பரிந்துரைக் கடிதம் ஆசிரியர் எழுத வேண்டியது. ‘ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி’ என்று நன்னடத்தைச் சான்றிதழ் போல எழுதினால் பயனில்லை. தனி ஊசல் சோதனையில் விடை சரியாக வராதபோது, “நூலின் நீளத்தைக் குண்டின் மேல்விளிம்பு வரை அளந்துவிட்டேன், மையம் வரை அளக்க வேண்டும்” என்று தானே கண்டுபிடித்து மறுபடி செய்தாளா? அதை எழுதுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும். சொல்வது உண்மையாகவும் குறிப்பாகவும் இருக்க வேண்டும்.

வெளிநாடு அமையாவிட்டால் இந்தக் கல்வியே இல்லை என்பதும் அல்ல. அமெரிக்க மிஷனரிகள் 1881இல் தொடங்கிய மதுரை அமெரிக்கன் கல்லூரி நம் மண்ணிலேயே இருக்கிறது. பெங்களூருவில் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டண உதவி தருகிறது. மாணவியின் பட்டியலில் இவையும் இருக்கட்டும்.

கேட்க வரும் குழந்தையிடம் ‘உன்னால் முடியாது’ என்று சொல்லவும் வேண்டாம். ‘எப்படியாவது போய்விடு’ என்று சொல்லவும் வேண்டாம். பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்கைப் போட்டுக் காட்டுவோம். முடிவை அந்தக் குடும்பம் எடுக்கட்டும்.