கண்ணுக்குத் தெரியாத விரிசல்



மில்லில் இழை அறுந்தால் நம் கண்ணே பிடித்துவிடும். சூரிய மின்கலத்தில் அது நடக்காது. சிலிக்கன் தகடு மில்லிமீட்டரில் 5ல் ஒரு பங்குகூடக் கனமில்லை. பற்றவைக்கும் சூட்டிலேயே மயிரிழை விரிசல் விழும்.

எப்படிக் காண்பது? வெயிலில் மின்சாரம் தரும் கலத்துக்கே இருட்டறையில் மின்சாரம் செலுத்துகிறார்கள். கறவை மாட்டுக்கே பால் புகட்டுவது போலத்தான்! கலம் ஒளி விடுகிறது. அகச்சிவப்பு ஒளி, நமக்குத் தெரியாது, அதற்கென்று உள்ள காமிராவுக்குத் தெரியும். விரிசல் கறுப்புக் கோடாகத் தெரியும். மின்சாரம் எட்டாத மூலை இருண்டு கிடக்கும். ஜப்பானில் நாரா விஞ்ஞானிகள் இப்படிப் படமெடுத்து 2005ல் வெளியிட்டார்கள்.

இச்சோதனையைத் தட்டிக்கழிக்கும் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? விரிசல் வெயிலிலும் குளிரிலும் வளரும். கலங்கள் சங்கிலியாகக் கோத்தவை. ஒன்று கெட்டால் வரிசையே தளரும். பம்புசெட் நிற்பது கடன்பட்ட குடியானவன் வயலில். பலகை வாங்கும்போது அந்தப் படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்போம்.