மாமா குடிக்கல, ஆஸ்ட்ரோசைட் வீங்கியிருந்துச்சு

மூளைன்னாலே நியூரான் பத்திதான் பேசுவோம். இன்னைக்கு அதுக்குச் சோறு போட்டு, வீட்டையும் கூட்டுற ஆஸ்ட்ரோசைட் பத்தி. எனக்கு இந்த செல் அறிமுகமானது ஆவடியில இருக்கிற என் மாமா மூலமா.

மாமா அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஆபரேட்டர். சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருங்கிடுச்சுன்னு தெரிஞ்சதும் குடியை விட்டார். ரெண்டு வருஷம் தொடவே இல்ல. திடீர்னு பகல்ல தூக்கம், ராத்திரி முழிப்பு, பேச்சு குழறல். ஒருநாள் பட்டரவாக்கத்துல ரயில் ஏறினவர் ஆவடியில இறங்காம திருவள்ளூர் வரை போயிட்டார். "மறுபடி ஆரம்பிச்சுட்டாரு"ன்னு வீட்டுல முடிவே பண்ணிட்டாங்க. நானும்தான். கிட்டப் போய் மோந்து பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில கையை நீட்டச் சொன்னாங்க, மணிக்கட்டு படபடன்னு அடிச்சுது. அஞ்சு முனை நட்சத்திரம் வரையச் சொன்னாங்க. காலமெல்லாம் டிராயிங் பார்த்து வேலை செஞ்சவருக்குக் கோடு சேரல. இதுக்குப் பேரு ஹெப்பாட்டிக் என்செபலோபதி.

என்ன நடக்குதுன்னா, குடல்ல உருவாகிற அம்மோனியாவைக் கல்லீரல்தான் யூரியாவா மாத்தும். கல்லீரல் கெட்டா அது ரத்தத்தோட மூளைக்குப் போயிடும். அங்க அதைச் சமாளிக்கிறது கிட்டத்தட்ட ஆஸ்ட்ரோசைட் மட்டும்தான். நியூரான்கள் பேசிக்கிட்டதும் வெளியில மிஞ்சுற குளுட்டமேட்டை இது உறிஞ்சி, அம்மோனியாவைச் சேர்த்து, குளுட்டமைனா மாத்தித் திருப்பிக் கொடுக்கும். அந்த வேலையைச் செய்யுற நொதி ஆஸ்ட்ரோசைட்லதான் இருக்குன்னு மார்டினெஸ் ஹெர்னாண்டஸும் நோரன்பெர்க்கும் 1970கள்ல காட்டினாங்க. அம்மோனியா அளவுக்கு மீறினா குளுட்டமைன் உள்ளயே குவியும், தண்ணியை இழுக்கும், செல் வீங்கும். அப்புறம் குளுட்டமேட் சுத்தம் செய்யுறது, நியூரான்களோட பேச்சு எல்லாமே தடுமாறும்.

உடம்பு எடையில 2 சதவீதம் இருக்கிற மூளை, ஓய்வுல இருக்கும்போதே உடம்போட சக்தியில 20 சதவீதம் தின்னுது. மூளையோட கிளைக்கோஜன் கையிருப்பும் பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்கிட்டதான். இது குளுக்கோஸை லாக்டேட்டாக்கி நியூரானுக்கு ஊட்டுதுன்னு 1994ல பெல்லரினும் மஜிஸ்ட்ரெட்டியும் சொன்னாங்க. எவ்வளவு ஊட்டுதுன்னு சண்டை இன்னும் ஓயல. இத்தனை வேலை செய்யுற கூட்டத்துக்கு 19ஆம் நூற்றாண்டுல விர்ச்சோ வச்ச பேரு 'நரம்புப் பசை'. பாவம்.

மாமாவுக்கு என்ன மருந்து தெரியுமா? லாக்டுலோஸ், இனிப்பா ஒரு சிரப். குடல்ல அமிலத்தைக் கூட்டி அம்மோனியாவை அங்கேயே பிடிச்சு வெளியேத்தும். ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை மலம் இளகிப் போகணும். மலச்சிக்கல், தொற்று, வயித்துக்குள்ள ரத்தக்கசிவு, தூக்க மாத்திரை இதெல்லாம் திரும்ப இழுத்து விடும். வீட்டுல யாருக்காவது சிரோசிஸ் இருந்து இப்படிக் குழப்பம் வந்தா, சந்தேகப்படுறதை அப்புறம் வச்சுக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. முட்டை, பருப்பை நீங்களா நிறுத்தாதீங்க, உடம்பு இன்னும் இளைச்சுடும்.

நாலாவது நாள் மாமா நட்சத்திரம் வரைஞ்சார். கொஞ்சம் கோணல். அத்தை அந்தச் சீட்டை மடிச்சுப் பர்ஸ்ல வச்சுக்கிட்டாங்க. நான் மோந்து பார்த்ததை அவர்கிட்ட இன்னும் சொல்லல.