சர்க்கரைப் பதிவேடு யார் கையில்?

இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரையுள்ள ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உதிரிபாகம் பழுதாக வந்தால் எந்த ஷிப்டில், எந்த இடத்தில் பழுதானது என்று லைனில் நிற்பவரே குறித்து வைக்கிறார். அதே பழுது மறுபடி வந்தால் காரணத்தைத் தேடுகிறார்கள். இரும்புக்குக் காட்டும் இந்த அக்கறையை மனித ரத்தத்துக்குக் காட்டினோமா? தொற்றா நோய்களைக் கணக்கெடுக்க 2020-இல் தமிழகத்தில் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வின்படி, சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம், மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. அடுத்த சுற்று ஆய்வில் அந்த எண் 16.7 ஆனது. பாராட்டுவோம். ஆனாலும் ஆறு பேரில் ஐந்து பேருக்கு இன்னும் கட்டுப்படவில்லையே! நோய் இருப்பதே தெரியாதவர்களும் இதில் அடக்கம்தான். தெரிந்தவர்களிலோ, மாதாமாதம் அதே மாத்திரையை அதே அளவில் வாங்கிப் போகிறவர்கள் ஏராளம். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிறவர் எந்தச் சாப்பாட்டுக்கு முன் மாத்திரை போடுவது? காலை ஓ.பி. வரிசையில் இதைக் கேட்க நேரமில்லை, பதில் சொல்லவும் நேரமில்லை. அவர் மூன்று மாதம் வராமல் போனால், வரவில்லை என்பதைக் கவனிக்கவும் ஆளில்லை.

அந்த ஆள் செவிலியர்தான் என்கிறேன்: சர்க்கரைப் பதிவேட்டை வைத்து, வராதவரைத் தேடி, மருந்தளவைச் சரிபார்ப்பவர் அவராக இருக்கட்டும். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் 10 மருத்துவமனைகளில் 1146 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த கார்ஸ் ஆய்வில், மருத்துவர் அல்லாத ஒருங்கிணைப்பாளர் ஒருவரும் துணைக்கு ஒரு கணினிப் பதிவும்தான் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில், சர்க்கரையோடு ரத்த அழுத்தமோ கொழுப்போ சேர்ந்து கட்டுக்குள் வந்தவர்கள் 18 விழுக்காடு. வழக்கமான சிகிச்சையில் 8. மருந்தளவைச் செவிலியர் தொடலாமா என்று கேட்பார்கள். மருத்துவர் எழுதித் தந்த வரையறைக்குள் தொடலாம், அதைத் தாண்டினால் அவரிடமே அனுப்பலாம். செவிலியருக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பது இதைவிட வலுவான மறுப்பு. அதை நான் ஏற்கிறேன். அவர்களைத் தொகுப்பூதியத்தில் வைத்துக்கொண்டு, பொறுப்பை மட்டும் கூட்டுவது சுரண்டல். பணி நிரந்தரமும் தனி நேரமும் தராமல் இந்தத் திட்டத்தைத் தொடங்கவே வேண்டாம்.

ஆலை நிர்வாகத்தாரே, 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் செவிலியரோடு கூடிய ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. விரலில் கட்டுப் போடுவதற்கு மட்டுமா அந்த அறை? அங்கே ஒரு சர்க்கரைப் பதிவேட்டை வையுங்கள். இரவு ஷிப்டுக்கு வருகிறவரைப் பத்து நிமிடம் அங்கே உட்கார விடுங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.