கணினி தூங்குங்கால் செய்யத்தக்கன

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், தாம்பரத்தில், தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் பயிற்றுந் தொழிலினேமாகிய எம்மைக் கணினியைக் குறித்துப் பேசுமாறு சங்கத்தார் பணித்தமை உங்களுட் சிலர்க்கு வியப்பைத் தரலாம். அவ்வியப்பு எமக்கும் உண்டு. ஆயினும், மாணவர் வருகைப் பதிவு முதலாக மதிப்பெண் பட்டியல் ஈறாக யாவும் அவ்வியந்திரத்தின் வாயிலாகவே நடைபெறும் இக்காலத்தில், தமிழாசிரியன் ஏட்டோடு மட்டும் நின்றுவிடுதல் இயலாது. ஆதலின், யாம் பழகி அறிந்த அளவில், எல்லார்க்கும் பயன்படுமாறு சில கூறத் துணிந்தோம்.

1931ஆம் ஆண்டிற் கடற்கரையினின்று தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. தாம்பரம் 2021ஆம் ஆண்டில் மாநகராட்சியாயிற்று. இவ்வாறு நகரம் வளர வளர, நம் குடும்பங்கள் பலவும் சேலையூர், செம்பாக்கம், பெருங்களத்தூர், குரோம்பேட்டை ஆகிய ஊர்களிற் குடியேறின. பிள்ளைகள் தரமணிக்கும் சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் கணினித் தொழிலின் பொருட்டுச் செல்கின்றனர். பகற்பொழுதில் இல்லத்தில் இருப்போர் முதியோரும் தாய்மாருமே. அவர்களே மின்கட்டணஞ் செலுத்துகின்றனர். பேரப்பிள்ளைகளின் விண்ணப்பங்களை நிரப்புகின்றனர். ஓய்வூதியம் பெறுவோர் 2014ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஜீவன் பிரமாண் முறையில் உயிர்வாழ் சான்றினைப் பதிவு செய்கின்றனர். அவ்வேளையிற் கணினி அசையாது நின்றுவிடின், அருகில் இருந்து உதவுவார் யாருளர்? இவ்வினாவே இன்றைய சொற்பொழிவுக்குக் காரணமாயிற்று.

கணினி இவ்வாறு நின்றுபோதலை மக்கள் ‘ஹேங் ஆகிவிட்டது’ என்கின்றனர். அவ்வாங்கிலச் சொல்லுக்குத் தொங்குதல் என்பது பொருள். நம் மொழியிலோ தூங்குதல் என்னும் ஒரு சொல்லே தொங்குதலையும் உறங்குதலையும் உணர்த்தும். கூடு தொங்குமாறு கட்டுதலின் அன்றோ தூங்கணாங்குருவி அப்பெயர் பெற்றது? திருவள்ளுவர் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் இச்சொல்லைத் தாமதித்தல் என்னும் பொருளிலும் ஆண்டுள்ளார். தாமதித்துச் செய்யத்தக்கது ஒன்று. தாமதியாது செய்யத்தக்கது மற்றொன்று என்பது அவர் உணர்த்தும் நெறி. கணினி நிற்குங்காலும் நாம் முதற்கண் அறியவேண்டுவது இதுவே: பொறுத்திருக்க வேண்டுமோ, உடனே முடிக்க வேண்டுமோ? இதனை அறியாது விரல் போன போக்கில் விசைகளை அழுத்துவதனாலேயே பெரும்பாலான இழப்புகள் நேர்கின்றன.

கணினியின் தூக்கம் மூவகைப்படும். முதலாவது, காத்திருத்தல். பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் இடையே ரயில் நின்றுவிட்டால், அது பழுதுற்றது என்று யாரும் கருதுவதில்லை. கைகாட்டி விளக்கின் உத்தரவை எதிர்நோக்கி நிற்கின்றது என்றே அறிவோம். புரோகிராம் என்று வழங்கும் கணினி நிரலும் அத்தகையதே. பெரிய கோப்பு ஒன்றைத் திறந்துகொண்டிருக்கலாம்; இணையத்திலிருந்து மறுமொழி வரவில்லை என நிற்கலாம். ஒரே எழுத்தர் உள்ள அலுவலகத்தில் அவர் பெரிய கணக்கு ஒன்றிலே மூழ்கியிருப்பின், சாளரத்தின் முன் நிற்போர்க்கு விடை கிடையாதன்றோ? அதனைப் போன்றதே இதுவும். விண்டோஸ் என்னும் இயங்குதளம், ஒரு நிரல் சுமார் 5 வினாடி மறுமொழி கூறாதிருப்பின், ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று அதன் தலைப்பில் எழுதித் திரையை வெளுக்கச் செய்துவிடும். ‘விடையில்லை’ என்பதே அதன் பொருள். ‘உயிரில்லை’ என்பது அன்று. ஆதலின், இரண்டு மூன்று நிமிடமேனும் பொறுத்திருத்தல் வேண்டும். அவ்விடைவேளையில் மேலும் மேலும் அழுத்துதல் ஆகாது. அழுத்தியவை வரிசையிற் சேர்ந்து பின்னர் ஒருங்கே நிறைவேறுதலும் உண்டு. பணஞ் செலுத்தும் பக்கம் நின்றுவிடின், மீண்டும் செலுத்துதற்கு முன், வங்கிக் கணக்கிற் பணம் கழிந்துள்ளதா என்று பார்த்தல் இன்றியமையாதது.

இரண்டாவது, மெய்யாகவே தொங்கிப்போதல். ஒரு நிரல் தன் கட்டளைகளுக்குள்ளேயே முடிவின்றிச் சுழன்றுகொண்டிருக்கலாம். அன்றேல், இரண்டு பணிகள் ஒன்றையொன்று எதிர்நோக்கி நின்றுவிடலாம். குறுகிய சந்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்து, ‘நீ பின்வாங்கு’ என்று இரண்டும் நிற்பின், மாலை வரையிலும் வழி பிறவாது. நெதர்லாந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா என்பார் 1965ஆம் ஆண்டில் இந்நிலைக்குக் ‘கொடிய தழுவல்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். ஈண்டுப் பொறுமையால் மட்டும் பயனில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து ஒரு வண்டியை அகற்றுதல் வேண்டும்.

அதனைச் செய்யும் முறை வருமாறு. முதலிற் சாளரத்தின் மேற்கோடியில் உள்ள பெருக்கற்குறியை ஒருமுறை அழுத்துக. ஆல்ட் விசையோடு எப்4 விசையை அழுத்தினும் அஃதே. இஃது அந்நிரலை நோக்கி, ‘தயைகூர்ந்து மூடிக்கொள்க’ என்று விடுக்கும் வேண்டுகோளேயாம். செவி கேளாதவனிடத்து வேண்டுகோள் பயன்படாதவாறு போல, தொங்கிய நிரலிடத்தும் இது பயன்படாமற் போகலாம். அப்பொழுது அஞ்சவேண்டா. திரையில் நீங்கள் எழுதிய எழுத்துக்கள் இன்னும் தோன்றுகின்றனவாயின், கைப்பேசியினால் அதனைப் படம் எடுத்து வைத்துக்கொள்க. சேமியாத எழுத்துக்களை மீட்டு எழுதுதற்கு இஃது எளிய துணையாகும். பின்னர், திறந்திருக்கும் பிற நிரல்களில் உள்ள வேலையைச் சேமித்துக்கொள்க. அதன்பின், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துக. டாஸ்க் மேனேஜர் என்னும் பணி மேலாளர் தோன்றுவார். அவர் காட்டும் பட்டியலில் நின்றுபோன நிரலைத் தேர்ந்து, ‘எண்ட் டாஸ்க்’ என்பதனை அழுத்தினால், இயங்குதளமே அதனை முடித்துவிடும். இது வேண்டுகோள் அன்று, ஆணை. ஆதலின் சேமியாதது அழிந்துபடும்; சேமித்தது நிற்கும்.

பலரும் அறிந்த கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் என்னும் மும்மை விசை, ஐபிஎம் நிறுவனத்துப் பொறியாளர் டேவிட் பிராட்லி என்பாரால் அமைக்கப்பெற்றது. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த கணினியில் அதனை அழுத்தியவுடன் கணினி முழுதும் மீளத் தொடங்கிவிடும். இக்காலத்து விண்டோஸிலோ, அது பணி மேலாளரை அழைத்தற்குரிய மற்றொரு வாயிலாக நிற்கின்றது. மேக் கணினி உடையார் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப் என்னும் மூன்றினை அழுத்துக. 2011ஆம் ஆண்டு தொடங்கி நம் அரசினர் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளிற் பலவற்றில், சீடாக் நிறுவனத்தின் சென்னை நிலையத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸில் ‘கில்’ என்னும் கட்டளை உண்டு. அதனோடு 15 என்னும் எண்ணைச் சேர்ப்பது, மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுமாறு நிரலுக்கு அறிவித்தல். 9 என்பது, மறுக்கவொண்ணா வெளியேற்றம். முன்னது பயன்படாத பின்னரே பின்னதனை ஏவுதல் முறையாகும்.

இவ்வளவும் செய்த பின்னும் ஒரு நிரல் மூடாது நிற்பதுண்டு. அதன் காரணம் அறியின் வியப்பில்லை. அச்சுப்பொறி, பென் டிரைவ், வலைத்தொடர்பு முதலிய புறக்கருவி ஒன்றினிடத்து வேலையை ஒப்புவித்துவிட்டு, அதன் விடைக்காக இயங்குதளத்தின் உள்ளறையிலேயே அந்நிரல் நின்றுகொண்டிருக்கும். விடை வரும்வரை அதனை வெளியேற்ற இயங்குதளத்தாலும் இயலாது. அந்நிலையில் அச்சுப்பொறியின் இணைப்பையோ வலைத்தொடர்பையோ சரிசெய்தால், நிரல் தானே விடுபடும். பென் டிரைவில் எழுதும் வேலை நடைபெறும்போது மட்டும் அதனைப் பிடுங்கலாகாது. அதுவும் பயன்படாதாயின், ‘ரீஸ்டார்ட்’ என்னும் மறுதொடக்கமே வழி. ‘ஷட் டவுன்’ செய்து திறப்பதும் அஃதும் ஒன்றே எனச் சிலர் கருதுவர். 2012ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 8 முதலாக, விரைந்து தொடங்கும் பொருட்டு, ‘ஷட் டவுன்’ செய்யுங்கால் இயங்குதளத்தின் நிலையைச் சேமித்து வைத்து, மறுநாள் அதனையே எடுத்துக்கொள்ளும் முறை ஒன்று ஏற்பட்டது. ஆதலின், பழைய சிக்கல் அவ்வாறே தொடர்தலும் கூடும். ‘ரீஸ்டார்ட்’ ஒன்றே யாவற்றையும் புதிதாகத் தொடங்குவது. மின்விசையைச் சில வினாடி அழுத்திப் பிடித்து அணைத்தல் எல்லாவற்றுக்கும் கடைப்பட்ட வழி. புதுப்பிப்பு நடைபெறும் வேளையில் அதனைச் செய்தல் பெருங்கேடு விளைக்கும்.

இனி மூன்றாவது வகை. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோற் பாசாங்கு செய்கிறவனை எழுப்ப முடியாது என்பது நம் பழமொழி. இணையத்தில் எதனையோ தேடுங்கால் திடீரெனத் திரை முழுதும் ஓர் எச்சரிக்கை எழும்; கூவும் ஒலி கேட்கும்; ‘உங்கள் கணினி பூட்டப்பட்டது; உடனே இவ்வெண்ணுக்குப் பேசுக’ என்று இருக்கும். மூடும் குறியும் தென்படாது. இது கணினியின் நோயன்று. கள்வர் விரித்த வலை. கணினி நன்றாகவே உள்ளது. இணைய உலவியின் ஒரு பக்கம் மட்டும் திரையை மறைத்து நடிக்கின்றது. எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்தாலோ, எப்11 விசையை அழுத்தினாலோ திரை சுருங்கக் கூடும். இல்லையேல், முன்கூறிய பணி மேலாளரைக் கொண்டு உலவியை முடித்துவிடுக. மீண்டும் திறக்கும்போது, பழைய பக்கங்களைத் திறக்கவா என்று கேட்பின், வேண்டா என்க. மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இராது என்று அவர்களே அறிவித்துள்ளனர். எண் காணப்படின், அஃதொன்றே வஞ்சனைக்குச் சான்று. பணம் பறிபோயின், தாமதியாது 1930 என்னும் அரசாங்க உதவி எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

நம் அங்கத்தினர் இல்லம் ஒன்றில் மூதாட்டியார் ஒருவர்க்கு இத்தகைய தீங்கு நேர்ந்தது. திரையிற் கண்ட எண்ணுக்குப் பேசினார்; அவர்கள் கேட்டவற்றையெல்லாம் கூறினார்; சேமிப்பிற் பெரும்பகுதியை இழந்தார். அதனினும் பெருந்துன்பம் யாதெனின், பிள்ளைகள் கடிந்துகொள்வரே என்று பல மாதம் வாய் திறவாதிருந்தமையேயாம். உடனே கூறியிருப்பின், ஒரு பகுதியேனும் தடுத்து நிறுத்த வழி இருந்திருக்கும். அவ்வம்மையாரை வாய் மூடச் செய்தது கள்வர் மட்டுமோ? ‘இதுகூடத் தெரியாதா?’ என்று முன்பு பலகால் அவ்வில்லத்து இளையோர் கூறிய சொல்லும் அன்றோ?

இளைஞர்காள்! உங்களுக்கு அகரம் கற்பித்தபோது, உங்கள் அன்னையர் அவ்வாறு கூறினரல்லர். ஒரே எழுத்தை நூறு முறை எழுதிக் காட்டினர். நீங்கள் இன்று அவர்களுக்குச் செய்யவேண்டுவன மூன்று. ஒன்று: கண்ட்ரோல் விசையோடு எஸ் விசையை அடிக்கடி அழுத்திச் சேமிக்கும் வழக்கத்தைப் பழக்குங்கள், வேர்டு என்னும் நிரல் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறையே மீட்புப் படியை எடுத்துவைக்கும் ஆதலின், அதனை மட்டும் நம்புதல் போதாது. இரண்டு: விண்ணப்பங்களைக் கடைசி நாள் வரை வைத்திராது முன்னரே அனுப்பச் செய்யுங்கள், நேரம் இருப்பின் பதற்றம் இராது. மூன்று: ‘பொறு, படம் எடு, பணி மேலாளரை அழை, அறியாத எண்ணுக்குப் பேசாதே, எமக்குச் சொல்’ என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கணினியின் அருகே ஒட்டிவையுங்கள்.

சங்கத்தாருக்கும் எமது விண்ணப்பம் ஒன்றுண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவ்விடத்திலேயே கணினி ஒன்றை வைத்து, தொழில் அறிந்த இளைஞர் இருவர் அமர்ந்து, முதியோர் தம் கையாலேயே விசைகளை அழுத்திப் பழகுமாறு உதவ ஏற்பாடு செய்தல் நலம். இளையோர் செய்துகாட்டினால் மறந்துபோம். தாமே செய்தால் அச்சம் நீங்கும். இதற்குப் பொருட்செலவு மிகுதியாக வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டுவது. பெரியோர் கேட்பதற்கு நாணாதிருப்பாராக. இளையோர் கூறுதற்குச் சலியாதிருப்பாராக.



வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!