ரமோனாவின் வீட்டில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?



சிறார் நகைச்சுவைத் தொடர்கள் சின்னத்திரைக்குப் புதியவை அல்ல. குழந்தை தடுக்கி விழும், சிரிப்பொலி கேட்கும். பொருள் தெரியாமல் ஒரு சொல்லைச் சொல்லிவிடும், மீண்டும் சிரிப்பொலி. பெரியவர்கள் "சுட்டிப் பிள்ளை" என்று ரசிப்பார்கள். பக்கத்தில் அமர்ந்திருக்கும் வீட்டுப் பிள்ளையும் சிரிக்கிறதா என்று பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விழுந்த பிள்ளைக்கு அது நகைச்சுவையாக இருந்ததா என்று கேட்பவரும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு தொடரைப் பற்றியதே இந்த உரை.

அத்தொடரின் பெயர் 'ரமோனா'. 1988ஆம் ஆண்டில் கனடாவில் தயாரிக்கப்பட்டு, அமெரிக்காவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான பி.பி.எஸ். வழியாகவும் ஒளியேறியது. மொத்தம் பத்தே பாகங்கள்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரைமணி நேரம். ரமோனா குவிம்பி என்னும் எட்டு வயதுச் சிறுமி, அவளுடைய அக்காள் பீசஸ், அப்பா, அம்மா, ஒரு கிழட்டுப் பூனை. குடும்பம் இவ்வளவுதான். கொலை இல்லை, கடத்தல் இல்லை, மந்திர தந்திரம் எதுவும் இல்லை.

இக்கதைகளை எழுதியவர் பெவர்லி கிளியரி. 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பிறந்து, 2021ஆம் ஆண்டு தமது 104ஆம் வயதில் காலமானவர். அவருடைய நூல்கள் உலகெங்கும் 9 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையாகியுள்ளன. இத்தனை கோடிப் பேரைப் படிக்க வைத்த அவர், முதலாம் வகுப்பில் வாசிப்பில் மிகவும் பின்தங்கிய பிள்ளைகளுக்கான குழுவில் உட்கார வைக்கப்பட்டவர். வகுப்பில் தலைகுனிந்து நிற்கும் பிள்ளையின் மனம் எப்படியிருக்கும் என்பது அவருக்கு ஏட்டறிவன்று, பட்டறிவு.

பிற்காலத்தில் அவர் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா நகரில் நூலகராகப் பணியாற்றினார். அங்கு வந்த சிறுவர்கள் சிலர், தங்களைப் போன்ற பிள்ளைகளைப் பற்றிய புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்டனர். அலமாரியில் அப்படிப்பட்டவை அரிதாகவே இருந்தன. அந்தக் கேள்வியின் விளைவாக 1950இல் 'ஹென்றி ஹக்கின்ஸ்' என்னும் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. கதையில் வரும் பிள்ளைகள் எல்லாரும் ஒற்றைப் பிள்ளைகளாகவே இருக்கிறார்களே என்று தோன்றியதால், பீசஸ் என்னும் சிறுமிக்கு ஒரு தங்கையைச் சேர்த்தார். அக்கம்பக்கத்தில் யாரோ யாரையோ அழைத்த பெயர் அப்போது காதில் விழுந்தது. அதையே அந்தத் தங்கைக்குச் சூட்டினார். துணைப் பாத்திரமாக வந்த அந்த ரமோனாதான் பின்னாளில் எல்லாரையும் விடப் புகழ்பெற்றாள்.

1955இல் வெளிவந்த நூலில் ரமோனாவுக்கு வயது நான்கு. 1999இல் வெளிவந்த கடைசி நூலில் அவளுக்குப் பத்து வயது நிறைகிறது. நாட்காட்டியில் 44 ஆண்டுகள் கழிந்திருக்க, கதையில் ஆறு ஆண்டுகளே கழிந்துள்ளன. போர்ட்லாந்து நகரில் அவள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் கிளிக்கிட்டாட் சாலை உண்மையிலேயே இருக்கிறது. அதற்கு அருகிலுள்ள கிராண்ட் பூங்காவில் 1995ஆம் ஆண்டு முதல் அவளுக்குச் சிலையும் உண்டு. கற்பனைச் சிறுமி ஒருத்திக்கு ஊரார் சிலை வைத்திருக்கிறார்கள் என்றால், அவளை எவ்வளவு சொந்தமாகக் கருதியிருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இனித் தொடருக்கு வருவோம். கிளியரியின் நாவல்களில் ஒவ்வோர் அத்தியாயமும் பெரும்பாலும் ஒரு முழுச் சம்பவம். ஆகவே அவை அரைமணி நேரப் பாகங்களாக மாறுவதற்கு வாகாக அமைந்தன. 1979, 1981, 1984ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மூன்று நாவல்களிலிருந்தே பெரும்பாலான பாகங்கள் எடுக்கப்பட்டன. பிற்பாடு 2010இல் வெளிவந்த திரைப்படம் பல நூல்களின் நிகழ்ச்சிகளை ஒன்றாகக் கலந்து ஒரே கதையாக்கியது. தொலைக்காட்சித் தொடரோ அவசரப்படாமல், ஒரு நாளில் நடக்கும் ஒரு சிறு விஷயத்தை எடுத்துக்கொண்டு அதோடு நின்றது.

சிறு விஷயம் என்று சொன்னாலும், அதன் அடியில் ஓடுவது பணக்கவலை. 1977இல் வெளியான நாவலில் அப்பா வேலை இழக்கிறார். பிறகு பேரங்காடியில் காசாளராகிறார். அதன் பின், ஓவிய ஆசிரியராக வேண்டும் என்று மீண்டும் கல்லூரிக்குப் போகிறார். படித்துக்கொண்டே, உறைய வைத்த உணவுப் பொருள்களைச் சேமிக்கும் கிடங்கில் பகுதிநேர வேலையும் பார்க்கிறார். அம்மா மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பாளர். பள்ளி முடிந்ததும் ரமோனா அண்டை வீட்டுப் பாட்டியிடம் இருக்க வேண்டும். அங்கிருக்கும் சின்னஞ்சிறு பேத்தியோடு பொறுமையாக விளையாடவும் வேண்டும். அவள் அங்கே ஒழுங்காக நடந்துகொண்டால்தான் அம்மா வேலைக்குப் போக முடியும், அப்பா படிக்க முடியும். இந்தச் சுமையைக் குடும்பத்தில் யாரும் கணக்கில் எழுதவில்லை. ஆனால் அந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு அது தெரியும்.

தொடரின் ஒரு பாகத்தின் கரு இது: செலவைக் குறைப்பதற்காக அம்மா மலிவான இறைச்சி வாங்கிச் சமைக்கிறார். அது மாட்டு நாக்கு என்று தெரிந்ததும் பிள்ளைகள் இருவரும் முகம் சுளிக்கிறார்கள். அப்படியானால் நாளைய இரவுச் சாப்பாட்டை நீங்களே சமையுங்கள் என்று தீர்ப்பாகிறது. அக்காளும் தங்கையும் அடுக்களையில் படும் பாட்டைக் கண்டு சிரிக்காதவர் இருக்க முடியாது. கோழித்துண்டும் தயிரும் அகப்பட்டதுமாகச் சேர்ந்து எப்படியோ ஒரு குழம்பு ஆகிவிடுகிறது. ஆனால் அந்தச் சிரிப்பின் ஊடே, மாதக் கடைசியில் ஒரு தாய் கடைக்குப் போய் என்ன வாங்குவது என்று தயங்கி நிற்பதும் தெரிகிறது. குடும்பத்தின் நெருக்கடியைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்கவில்லை. அதைக் காட்டி அவர்களை அழ வைக்கவும் இல்லை.

1981இல் வெளியான 'ரமோனா குவிம்பி, ஏஜ் 8' நாவலில் வரும் முட்டைச் சம்பவம் இன்னும் ஆழமானது. பள்ளியில் மதிய உணவு வேளையில், அவித்த முட்டையைத் தலையில் தட்டி உடைப்பது அப்போதைய விளையாட்டு. ரமோனாவும் ஓங்கித் தட்டுகிறாள். காலை அவசரத்தில் அம்மா அவித்த முட்டைக்குப் பதிலாகப் பச்சை முட்டையை வைத்துவிட்டார். தலையெல்லாம் மஞ்சள் கரு வழிகிறது. சாதாரணத் தொடர் என்றால் கதை இங்கேயே முடிந்துவிடும். சிரிப்பொலி போட்டு விளம்பரத்திற்குப் போய்விடுவார்கள். கிளியரி அங்கேதான் கதையைத் தொடங்குகிறார். அலுவலகத்தில் தலையைக் கழுவிவிடும்போது, ஆசிரியை இன்னொருவரிடம் பேசுவது ரமோனாவின் காதில் விழுகிறது. தன்னை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று எதையாவது செய்கிறவள் என்றும் தொந்தரவு என்றும் தன்னைச் சொல்வதாக அவள் புரிந்துகொள்கிறாள். அந்த ஒரு சொல் நாட்கணக்கில் அவளை அரிக்கிறது. அதன் பிறகு வகுப்பில் உடம்பு சரியில்லாமல் போகும்போதுகூட, கையைத் தூக்கினால் ஆசிரியைக்குத் தொந்தரவாகிவிடுமோ என்று அஞ்சுகிறாள்.

பின்னொரு நாள் ஆசிரியையிடமே அவள் மனத்தில் இருந்ததைச் சொல்லிவிடுகிறாள். ஆசிரியை அதைச் சிரித்துத் தள்ளவில்லை. முட்டையைத் தலையிலிருந்து எடுப்பதுதான் தொந்தரவான வேலை, நீ தொந்தரவு அல்ல என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு விளக்கம் சொல்கிறார். பெரியவர்கள் சொல்லிவிட்டு மறந்துபோகும் ஒரு வார்த்தை, பிள்ளையின் உள்ளத்தில் எத்தனை நாள் தங்குகிறது என்பதை இதைவிட எளிமையாகக் காட்டிவிட முடியாது.

கடைசிப் பாகமும் இவ்வகையே. அம்மாவுக்கு மூன்றாவது குழந்தை பிறக்கிறது. இதற்கு அடிப்படையான நாவலில், மருத்துவமனை விதிப்படி பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்கள் மேலே போகக்கூடாது. அக்காள் போகிறாள், ரமோனா மட்டும் கீழே காத்திருக்கிறாள். வாடிய முகத்தோடு உட்கார்ந்திருக்கும் அவளைக் கண்ட மருத்துவர் ஒருவர், உனக்கு வந்திருப்பது தம்பி தங்கை பிறந்தால் வரும் நோய் என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டி, அப்பாவிடம் கொடுக்கும்படி மருந்துச் சீட்டும் எழுதித் தருகிறார். அதில் இருந்த மருந்து ஒன்றே ஒன்று: கவனிப்பு. அது கடையில் கிடைக்காது, வீட்டில்தான் இருக்கிறது.

இத்தொடரில் ரமோனாவாக நடித்தவர் சாரா போலி. டொரொன்டோவில் 1979இல் பிறந்த அவருக்கு அப்போது ஏறக்குறைய ரமோனாவின் வயதே. கலகலப்பான குடும்பத்துப் பிள்ளையாகத் திரையில் வந்த அவர், அதே காலகட்டத்தில் வேறொரு பெரிய திரைப்படத்தின் படப்பிடிப்பில், வெடிச்சத்தங்களுக்கு நடுவே நடிக்க வைக்கப்பட்டு மிகவும் அஞ்சியதைப் பிற்காலத்தில் பகிரங்கமாகச் சொன்னார். 1990ஆம் ஆண்டு, அவருக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, அவருடைய தாயார் புற்றுநோயால் காலமானார். 2022இல் வெளியான நினைவுக் கட்டுரை நூலில், சிறு வயதில் நடித்த அனுபவங்களை அவர் ஒளிவு மறைவின்றி எழுதியுள்ளார். வளர்ந்த பிறகு இயக்குநராகி, 2023இல் சிறந்த தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கார் விருதையும் பெற்றார்.

பிள்ளைகளின் பக்கம் நின்று கதை சொல்வது மட்டும் போதாது. அந்தக் கதையில் நடிக்கும் பிள்ளையின் பக்கமும் யாராவது நிற்க வேண்டும் என்பதை அவருடைய வாழ்க்கை உணர்த்துகிறது. மேடையிலும் திரையிலும் தங்கள் பிள்ளையைக் காண ஆசைப்படும் பெற்றோர், கைதட்டலோடு இதையும் நினைவில் கொள்வது நல்லது. "நன்றாகச் செய்தாயா?" என்று கேட்பதற்கு முன்பு, "பயமாக இருந்ததா?" என்று ஒருமுறை கேட்கலாம்.

நேயர்களே, பத்துப் பாகங்களில் ஒன்றின் பெயர் மழை ஞாயிறு என்று பொருள்படும். அதற்கு மூலமான அத்தியாயத்தில் நாள் முழுக்க மழை. வீட்டில் எல்லாருக்கும் எரிச்சல். ஆளுக்கு ஆள் சுள்ளென்று விழுகிறார்கள். மாலையில், செலவைப் பார்க்காமல், பர்கர் கடைக்குச் சாப்பிடப் போகிறார்கள். அங்கே தனியாக வந்த முதியவர் ஒருவர் ரமோனாவிடம் வேடிக்கையாக இரண்டு வார்த்தை பேசுகிறார். சாப்பிட்டு முடித்துப் பணம் கட்டப் போனால், அவர் முன்பே கட்டிவிட்டுப் போயிருக்கிறார். தம் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பிரிந்து வாடும் அவருக்கு, இது இனிமையான குடும்பமாகத் தோன்றியதாம்.

வீடு திரும்பும்போது ரமோனாவுக்கு ஐயம். காலையிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தோமே, நாம் உண்மையிலேயே இனிமையான குடும்பமா என்று கேட்கிறாள். ஆமாம் என்று பூசி மெழுகி அவள் வாயை அடைத்திருக்கலாம். பெற்றோர் அப்படிச் செய்யவில்லை. சில வேளைகளில் இனிமையானவர்கள்தான், எல்லா வேளைகளிலும் இனிமையாக இருப்பவர் யாருமில்லை என்கிற பொருளில் பதில் சொல்கிறார்கள். அந்தப் பதிலில் பிள்ளைக்கு நிம்மதி வருகிறது. தான் சிறந்த பிள்ளையாகவே எப்போதும் இருந்தாக வேண்டும் என்ற பயம் அகல்கிறது.

பிள்ளைகளுக்கு எந்தத் தொடரைக் காட்டலாம் என்று பெற்றோர் கேட்பதுண்டு. பட்டியல் போட்டுத் தருவதைவிட ஒரு சிறு யோசனை பயன்படும். அடுத்த முறை தொலைக்காட்சியில் ஒரு குழந்தை அசடு வழிய, வீடே சிரிக்கும்போது, திரையிலிருந்து கண்ணை எடுத்துப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அதுவும் சிரித்தால் சேர்ந்து சிரியுங்கள். சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால், தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஏன் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.