செவியே துலாக்கோல்



1976-ஆம் ஆண்டில் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்டு இச் சீத்தா கேம்பில் குடியேறியோரின் வழியில் வந்தவர்கள் நம்மில் பலர். நமக்கு எப்பொருளும் எளிதில் வாய்த்ததில்லை. விழாவுக்கு ஓர் ஒலிபெருக்கி வாங்குவதாயினும், வீடுதோறும் திரட்டிய சிறு தொகையைக் கொண்டே வாங்குகிறோம். ஆகவே லாமிங்டன் சாலைக் கடைகளுக்குச் செல்லுமுன், செவியால் தேரும் முறையை அறிந்து செல்வது நன்று.

பெட்டியின்மேல் பி.எம்.பி.ஓ. என்னும் எழுத்துகளுடன் ஆயிரக்கணக்கான வாட் அச்சிடப்பட்டிருக்கும். அது கணநேர உச்சத்தைக் குறிப்பதேயன்றி, தொடர்ந்து தாங்கும் ஆற்றலைக் குறிப்பதன்று. மேலும், வாட் இருமடங்கானால் ஒலி 3 டெசிபல் அளவே கூடும். ஒலி இருமடங்காகத் தோன்ற வேண்டுமாயின் ஏறத்தாழ 10 மடங்கு வாட் தேவை. எண்ணைக் கண்டு மயங்குதல் வேண்டா.

ஆனால் செவியும் ஏமாறும். இரண்டு பெட்டிகளுள் சற்று உரக்க ஒலிப்பதே இனியது என்று அது தீர்ப்பளித்துவிடும். ஒலி தாழும்போது அடிநாதம் நம் காதுக்கு மிகவும் குறைந்தே எட்டுகிறது. இதனைப் பிளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1933-இல் அளந்து காட்டினர். ஒலியை உயர்த்தினால் அடிநாதம் நிறைந்து தோன்றும். நாமும் ‘நல்ல பெட்டி’ என்போம். ஆதலின் இரண்டையும் ஒரே அளவில் ஒலிக்கச் செய்து, உடனுக்குடன் மாற்றிக் கேட்க வேண்டும். ஒலியின் நுட்பம் நினைவில் நெடுநேரம் நில்லாது. நண்பர் ஒருவர் மாற்றி இயக்க, நாம் முதுகைத் திருப்பி நின்று கேட்பது இன்னும் சிறப்பு. அப்போது பெயரும் விலையும் தீர்ப்பினுள் புகா.

கடையில் இசைக்கும் அதிரடிப் பாட்டை விடுத்து, நாம் நன்கறிந்த ஓர் ஆண்குரலையும் ஒரு பெண்குரலையும் கேட்போம். வால், வாள், வாழ் என்னும் மூன்றும் வெவ்வேறாகக் கேட்கின்றனவா? சகரம் சீறுகின்றதா? மிருதங்கத்தின் வலந்தலையும் இடந்தலையும் தனித்தனியே புலனாகின்றனவா, அன்றி ஒரே உறுமலாகக் கலக்கின்றனவா? ஒலிவாங்கியில் பேசியவாறே ஒலியை உயர்த்தி, எந்த அளவில் ஊளையிடுகிறது என்றும் காண்போம்.

சிறிய கடையறையின் சுவர்கள் அடிநாதத்தை மிகுத்துக் காட்டும். திறந்த வெளியில் அது கரைந்துவிடும். இயலுமாயின் ஒருநாள் வாடகைக்கு எடுத்துவந்து, நம் விழாத் திடலிலேயே கடைசி வரிசையில் நின்று கேட்டு முடிவு செய்வோம்.

நெருங்கிய சந்துகளில் வாழும் நமக்கு வேண்டுவது இரைச்சலன்று, தெளிவே. 2000-ஆம் ஆண்டின் விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலையே வரம்பாக வகுத்துள்ளன. அடுத்த சுவருக்கப்பால் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் உண்டு, நோயுற்ற முதியவரும் உண்டு.

பள்ளியில் பிறமொழி பயிலும் நம் குழந்தை தமிழில் நாலு சொல் பேச வாய்ப்பது இம்மேடையில்தான். பயின்று பயின்று அது கற்ற ழகரம், கடைசி வரிசையில் அமர்ந்த பாட்டியின் காதுக்குப் பழுதின்றிச் சேர வேண்டும். அவ்வாறு சேர்ப்பிக்கும் கருவியே, நாம் கொடுத்த பணத்துக்கு உரிய கருவி. கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரின் வழியினராகிய நாம், கேட்டே வாங்குவோம்.