வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்

(பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில வருடங்களுக்கு முன்னால் நானும் ஒரு பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருந்தேன். இருந்தது எனக்கே தெரியாது! நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் மண் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் நீளமான நோட்டோடு சைக்கிளில் வந்து, "அத்தை, சார் கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்றான். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று மூன்று மாதம் கழித்துத்தான் பார்த்தேன். 'கழிப்பறைகள் நல்ல நிலையில் உள்ளன என இக்குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.'

அப்போது என் மகள் ஐந்தாம் வகுப்பு. காலையில் நான் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். அதட்டினேன், கெஞ்சினேன், கடைசியில் ஒருநாள் அழுதுகொண்டே சொன்னாள். பள்ளிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தண்ணீர் குடித்தால் போக வேண்டி வரும். போனால் யாராவது கதவைத் தள்ளிவிடுவார்கள். அதனால் பகல் முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறது அந்தப் பிள்ளை. அந்தக் கழிப்பறை நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டது அவளைப் பெற்ற நான்.

அன்றைக்கு ஏற்பட்ட வேதனைதான் என்னை இந்த மேடை வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

"எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பள்ளி நிர்வாகத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக் கேட்கிறேன்: அந்தத் தண்ணீர் பாட்டில் எந்தப் பதிவேட்டில் இருந்தது? ஆய்வுக்கு வந்த எந்த அதிகாரியின் கண்ணில் பட்டது? வீட்டுக்குத் திரும்பிய பையைத் திறந்து பார்த்தவளுக்குத்தானே தெரிந்தது! மதியச் சாப்பாடு பிள்ளைக்குப் போதவில்லை என்பதும், கணக்குப் பாடம் வந்தாலே காய்ச்சல் வருகிறது என்பதும் நமக்குத் தெரியும். அந்த அறிவுக்கு ஒரு நாற்காலி போடத்தான் சட்டமே வந்தது.

2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைக் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதி பெண்கள். ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் விகிதப்படி இடம். 2022-இல் தமிழ்நாடு முழுக்கக் குழுக்களை மறுகட்டமைப்பு செய்தபோது குழுவுக்கு 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர். தலைவர் பதவியும் பெற்றோருக்குத்தான். தலைமை ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டுகிறவர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டுகிற பெற்றோருக்கு இந்தச் சட்டம் தராத அதிகாரத்தை, கட்டணமே கட்டாத நமக்குத் தந்திருக்கிறது. இலவசமாகப் படிக்கவைக்கிறார்களே, எப்படிக் கேள்வி கேட்பது என்று கூசிக்கொண்டு நிற்காதீர்கள். தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறோம்.

சரி, குழுவுக்கு என்ன வேலை? பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. பணம் என்றதும் நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்காதீர்கள்! ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி மானியம் உண்டு. 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000, 1,000 பேர் வரை 75,000. அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. உங்கள் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று உங்களுக்குத் தெரியும். எவ்வளவு வர வேண்டும் என்று இப்போதே கணக்குப் போட்டுவிடலாம். வந்ததா, எப்போது வந்தது, எதற்குப் போனது? வரவில்லை என்றால் ஏன் வரவில்லை? 2024-25-இல் இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அது டெல்லிக்கும் சென்னைக்கும் இடையில் உள்ள வழக்கு என்று இருந்துவிட முடியுமா? நம் பிள்ளையின் சாக்பீஸ் காசு அது.

காமராசர் காலத்தில் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊர் ஊராக மக்கள் பெஞ்சு கொடுத்தார்கள், கரும்பலகை கொடுத்தார்கள், இடம் கொடுத்தார்கள். அந்த மக்களை வணங்குகிறேன். ஆனால், கொடுத்தவர்களுக்குக் கேட்கும் இடத்தை அன்று யாரும் எழுதி வைக்கவில்லை. இன்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. இன்றைக்கும் குழுவை நன்கொடை திரட்டும் குழுவாக மட்டும் நடத்தினால், அது சட்டத்தையே அவமதிப்பதாகும்.

ஆசிரியர்களுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் தவிர வேறு கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. அதை மீறி அனுப்பினால் ஆசிரியரால் எதிர்த்துப் பேச முடியாது, மெமோ வரும். நமக்கு யார் மெமோ கொடுப்பது? அவர்களுக்காக நாம்தான் தீர்மானம் போட வேண்டும்.

அதிகாரம் என்ற பெயரில் சுமையையும் நம் தலையில் வைப்பார்கள். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2022-இல் 13,331 ஆசிரியர் காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்பும் பொறுப்பு இந்தக் குழுக்களிடம் வந்தது. முதலில் அறிவித்த சம்பளம் இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000. பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது அது அவசரத்துக்கு உதவியது, மறுக்கவில்லை. ஆனால் குறைந்த சம்பளத்துக்கு ஆள் தேடுவது பெற்றோரின் வேலை அல்ல. நிரந்தர ஆசிரியரைப் போடுவது அரசின் கடமை. தற்காலிக ஆசிரியரை நியமித்த கையோடு, நிரந்தர நியமனம் கேட்டும் தீர்மானம் எழுதுங்கள்.

எழுதிய தீர்மானத்தைக் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1. வருடத்தில் ஆறு நாள் இருக்கிறது. பிள்ளையின் உரிமை மறுக்கப்பட்டால் 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

கூட்டம் மதியம் மூன்று மணிக்கு என்றால் கூலி போகும் என்கிறீர்கள். நியாயம்தான். அந்த அரை நாள் கூலியின் அருமை எனக்குத் தெரியும். நேரத்தை மாற்ற வேண்டும் என்பதையே முதல் தீர்மானமாகப் போடுங்கள்.

என் மகளின் பள்ளியில் அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து போனோம். "போன தீர்மானத்தை வாசிச்சுக் காட்டுங்க சார்" என்றேன். கால் நடுங்கியது. வாசித்தார். "இது உண்மையில்ல, வாங்க, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்று எழுந்தோம். அவரும் எங்களோடு வந்தார். தாழ்ப்பாள் அந்த வாரமே வந்தது.

அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அழைத்துப் போங்கள். நோட்டு உங்கள் முன்னால் வரும்போது பேனாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.